சீன ராஜா படமும் எங்க காலும்

டிவி விக்கிறது வாய் வேலைன்னு எல்லாரும் நினைச்சுக்கினு இருக்காங்க. இல்லீங்க, அது கால் வேலை.

காலையில ஒன்பதரைக்கு நிக்க ஆரம்பிச்சா கடை சாத்துற வரைக்கும் நிக்கணும். நடுவுல இருபது நிமிஷம், அள்ளிப் போட்டுக்கினு துன்னுட்டு வந்து மறுபடியும் நிக்கணும். துணிக்கடை, நகைக்கடை, செருப்புக்கடைன்னு எங்கெல்லாம் யூனிஃபார்ம் மாட்டிக்கினு நிக்கிறீங்களோ, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க படிச்சா படிக்கட்டும். உட்கார்ந்துகினு வேலை செய்யறவங்களுக்கு இதுல பாதி புரியாது.

என் பேரு கோமதி. விஜயபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். புத்தூர்ல பஸ் மாறி தினமும் திருப்பதி வரேன். எங்க கடையில எழுபத்தஞ்சு இஞ்ச் டிவி ஒண்ணு நடு மண்டபத்துல மாட்டியிருக்குது. அதுக்கு முன்னால ஒரு சோபா. கஸ்டமர் உட்கார்ந்து பார்க்கிறதுக்கு. ரொம்ப மெத்துனு இருக்கும்னு கஸ்டமருங்க சொல்லிக் கேட்டிருக்கேன்.

அந்த டிவியில ஒரு சீன ராஜா படம் ஓடும். தலைமை ஆபீஸ்ல இருந்து பென் டிரைவ்ல வந்தது. மொத்தப் படமும் இல்லை, நாற்பத்திரண்டு நிமிஷம்தான். முடிஞ்சா மறுபடியும் முதல்ல இருந்து ஓடும். தங்கத் தூணு, சிவப்பு லாந்தர் ஆயிரம், குதிரைப்படை, பட்டுத்துணி, பனி. டிவியோட கலரைக் காட்ட அதைவிட ஒரு படம் கிடையாது. பக்கத்துலயே சவுண்ட்பார் விக்கிற இடம், அதனால சத்தத்தை அமுக்கி வெச்சிருப்பாங்க. கீழ இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதைப் படிச்சு தமிழ்க்காரங்களுக்குத் தமிழ்லயும் தெலுங்குக்காரங்களுக்குத் தெலுங்குலயும் கதை சொல்றது எங்க தலையெழுத்து.

கதை ரொம்ப சிம்பிளு. கிழட்டு ராஜா. மூத்தவ செத்துட்டா, அவளுக்கு ஒரு பிள்ளை. ரெண்டாவது ராணிக்கு ஒரு பிள்ளை, அவன் தூரத்துல சண்டையில இருக்கான். சிம்மாசனம் மூத்தவனுக்குன்னு ராஜா சொல்லிடறான். ராணி தன் பிள்ளைக்கு ரகசியமா லெட்டர் எழுதறா. ராஜா கண்டுபிடிச்சு, அவளை அரண்மனை முற்றத்துல பனியில நிக்க வெச்சுடறான். சின்னவன் படையோட வந்து கோட்டைக் கதவைத் தள்றான். கதவு திறக்குது. அவ்ளோதான், மறுபடியும் முதல் சீன், கல்யாணம், லாந்தரு.

என் கூட நிக்கிறவ தேவகி. பாகாலாவுல இருந்து ரயில்ல வருவா. ரெண்டு காலும் முட்டிக்குக் கீழ நரம்பு முறுக்கிக்கினு நீலமா இருக்கும். டாக்டர் சொல்லிட்டாரு, மணிக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் உட்காரு, இல்லாட்டி நரம்பு ஒரு நாளைக்கு வெடிச்சுடும்னு. அவ கேட்டது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நான் சொல்லப் போறது அந்த ஸ்டூல் கதைதான்.

எட்டு மொட்டை

மலையிலிருந்து இறங்கின குடும்பம். விழுப்புரம் பக்கமாம். எட்டு பேரு, எட்டு தலையிலும் சந்தனம். உள்ளே வந்ததும் ஏசி காத்து பட்டு "ஸ்ஸ்ஸப்பா"ன்னாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவங்க ஒரு ரிமோட்டுகூட வாங்க மாட்டாங்கன்னு. சோபாவுல அஞ்சு பேரு, கீழ மூணு பேரு. லட்டைப் பிட்டுத் துன்னுக்கினே படத்தைப் பார்த்தாங்க. நான் பக்கத்துல நின்னுக்கினு கதை சொன்னேன். சொல்லாம இருக்க முடியாது. கஸ்டமர் முன்னால வாயை மூடிக்கினு நின்னா அதுக்கு ஒரு மெமோ.

முதல் தரம் முடிஞ்சுது. எழுந்திரிப்பாங்கன்னு பார்த்தேன். சின்னப் பையன் தூங்கிட்டானாம், ரயிலுக்கும் நேரம் இருக்குதாம், இன்னொரு தரம் பார்த்தாங்க. எண்பத்து நாலு நிமிஷம், ஒரே இடத்துல நான் நிக்கிறேன். என் குதிகால்ல ஆணி அடிச்சாப்பல வலி. போகும்போது அவங்க வீட்டுப் பெரியவரு என் கையில ஒரு துண்டு லட்டு வெச்சுட்டு சொன்னாரு: "படம் அருமைம்மா. ஆனா ஒண்ணு, ரெண்டாம் தாரம் கட்டினவன் வீட்ல டிவியே வாங்கக் கூடாது."

ராஜா வூட்டு லைட்டு

இது எங்க ஊர்ப் பக்கத்து ஆளு. வேர்க்கடலை போடறவரு. அறுவடை முடிஞ்ச கையோட வந்து, அந்தப் படத்தைப் பார்த்து மயங்கி, அம்பத்தஞ்சு இஞ்ச் ஒண்ணு எடுத்துக்கினு போனாரு. பத்தாவது நாள் பைக்ல வந்து இறங்கினாரு. மூஞ்சி ஜிவுஜிவுன்னு இருக்குது. "கடையில தங்கமா மின்னிச்சு. வூட்ல போட்டா எம் பொண்டாட்டி பாக்கிற சீரியல் அழுதுக்கினு கீது. என்னை ஏமாத்திட்டே"ன்னு கத்தறாரு.

நான் இன்னா சொல்றது? கடை டிவி எல்லாத்துலயும் வெளிச்சத்தையும் கலரையும் கடைசி வரைக்கும் ஏத்தி வெச்சிருப்பாங்க. வீட்ல அப்படி வெச்சா கண்ணு அவிஞ்சு போயிடும். இதைச் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. செய்யறது அவங்க, திட்டு வாங்கறது நானு. கடைசியில பொறுக்க முடியாம, கலரை எங்க ஏத்தறதுன்னு அவருக்குக் காதோட காதா சொல்லிக் குடுத்தேன். கேட்டுக்கினு, மறுபடியும் அந்த அரண்மனையை ஒரு நிமிஷம் பார்த்துட்டுச் சொன்னாரு: "டிவி கிடக்கட்டும் தாயி, அந்த ராஜா வூட்ல மாட்டிக்கீற லைட்டு எங்க கிடைக்கும், அதைச் சொல்லு."

பங்காளிங்க

நகரியில இருந்து ஒரு அம்மா, மூணு பிள்ளைங்களோட. அம்மாவுக்கு டிவி வாங்கித் தரோம்னு மூணு பேரும் வந்திருக்காங்க. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அம்மாவை சோபாவுல உட்கார வெச்சாங்க. ராஜா மூத்தவனைக் கூப்பிட்டு முத்திரை மோதிரத்தைக் கையில குடுக்கிற சீன் வந்துச்சு. "மூத்தவனுக்கே குடுத்துட்டாரு, சின்னவனுக்கு ஒண்ணுமில்லை"ன்னு நான் கதையைத்தாங்க சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லலை.

நடுப் பிள்ளை டக்குனு, "நைனாவும் இதைத்தானே பண்ணாரு, ரோட்டோரக் காணியைப் பெரியவனுக்கு எழுதி வெச்சுட்டு"ன்னான். பெரியவன், "போர்வெல் போட்டது எவன் காசு?"ன்னான். சின்னவன் ரெண்டு பேரையும் ஒரு பிடி பிடிச்சான். நடு மண்டபத்துல மூணு பேரும் தமிழ்லயும் தெலுங்குலயும் மாத்தி மாத்தி ஏசிக்கினு நிக்கிறானுங்க. டிவியில குதிரைங்க ஓடுது. பாஸ்கர் சார், அவருதான் எங்க மேனேஜரு, தூரத்துல இருந்து என்னை முறைக்கிறாரு. என்னமோ நான்தான் அவங்க நிலத்தைப் பிரிச்சுக் குடுத்த மாதிரி. அந்த அம்மா மட்டும் படத்துல இருந்து கண்ணை எடுக்கலை. கடைசியில என்னைப் பார்த்துச் சொல்லுச்சு: "என் பிள்ளைங்களுக்கும் அவனுங்களுக்கும் ஒரே வித்தியாசம்தாம்மா. இவனுங்க கையில கத்தி இல்லை."

சிவப்பு வட்டம்

ஒரு நாள் மதியம், கடையில ஈ காக்கா இல்லை. தேவகி வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி மேல லேசா சாய்ஞ்சா. உட்காரக்கூட இல்லை, சாய்ஞ்சா. அஞ்சு நிமிஷத்துல எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ. கேமராவுல இருந்து எடுத்தது. தேவகியைச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டு, கீழ ஒரு கேள்விக்குறி. பேச்சே இல்லை. திருடியைக் காட்டற மாதிரி ஒரு வட்டம். அவ அதைப் பார்த்துட்டு நிமிர்ந்து நின்னுட்டா, கண்ல தண்ணி. நான்கூட என்ன சொன்னேன் தெரியுமா? "கடை சாத்துற வரைக்கும்தானே, பல்லைக் கடிச்சுக்கோ தேவகி"ன்னேன். இப்ப நினைச்சா என் வாயிலயே போட்டுக்கணும் போல இருக்குது.

மறுநாள் மனசு ஆறலை. நேரா பாஸ்கர் சார் கிட்ட போனேன். "சார், ஒரு ஸ்டூலு. கஸ்டமர் வந்தா எழுந்துக்கப் போறா. இல்லாதப்போ உட்கார்ந்தா கடைக்கு இன்னா குறைஞ்சு போவுது?"ன்னு கேட்டேன். அவரு கோபப்படலை. கோபப்பட்டிருந்தா நானும் ரெண்டு கத்தியிருப்பேன். சுத்துற நாற்காலியில ஆடிக்கினே, எனக்கு நல்லது சொல்ற மாதிரி மெதுவாச் சொன்னாரு: "உட்கார்ந்த ஸ்டாஃபைப் பார்த்தா கஸ்டமருக்கு வாங்கற மூடு போயிடும் அம்மா, ஸ்டூல் வேணும்னா வீட்டு வேலை பாருங்க."

சித்தூர் வாத்தியார்

ஸ்டூல் கேட்டதுக்கு எனக்குக் கிடைச்ச பரிசு, மூணு மாசம் சித்தூர் கிளை. போக வர பஸ்லயே என் உசுரு போச்சு. அங்கேயும் அதே பென் டிரைவு, அதே ராஜா. எனக்குக் கனவுல கூட லாந்தர் எரியும். சனிக்கிழமைன்னா ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வருவாரு. எதுவும் வாங்க மாட்டாரு. உட்கார மாட்டாரு, அது ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சுது. என் பக்கத்துல நின்னுக்கினு கோட்டைக் கதவு திறக்கிற வரைக்கும் பார்ப்பாரு. அப்புறம் தெலுங்குல கேட்பாரு, "தருவாத்த ஏமைந்தி?" அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு.

எனக்கெப்படித் தெரியும்? தெரியாதுன்னு நாலு வாரம் சொன்னேன். அஞ்சாவது வாரம் காலு விண்ணு விண்ணுனு தெறிக்குது, எரிச்சல்ல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சின்னவன் உள்ள வந்து அப்பனை வெட்டிட்டான், அண்ணனையும் வெட்டிட்டான், போதுமா?"ன்னேன். அவரு பிள்ளை வெளிநாட்டுல இருக்கானாம், பேச்சு நின்னு ஆறு வருஷமாம், அதை அவரே ஒரு தரம் சொல்லியிருக்காரு. சொன்னப்புறம்தான் எனக்கு அது ஞாபகத்துக்கு வந்துச்சு. அவரு டிவியைப் பார்த்துக்கினே தமிழ்ல சொன்னாரு: "பொய் சொல்றியேம்மா. கையில பலம் இருக்கிறவன் அப்பனை வெட்டறதுக்கு வரமாட்டான், ஏன் என்னைப் பிடிக்கலைன்னு கேக்கறதுக்குத்தான் வருவான்."

பனியில நிக்கிற ராணி

நான் திருப்பதிக்குத் திரும்பி வந்தப்போ தேவகி காலைப் பார்த்து பயந்துட்டேன். கணுக்கால் பக்கம் தோலு கறுத்து, பளபளன்னு இருந்துச்சு. "லீவு போடுடி"ன்னா, "சங்கராந்தி ஆஃபர் முடியட்டும்க்கா, இப்போ லீவு போட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க"ன்னா. ஆஃபர் வாரத்துல கடையில கால் வைக்க இடம் இல்லை. தேவகிதான் பெரிய டிவி பக்கத்துல. காலையில இருந்து ஒரு நிமிஷம் உட்காரலை. படத்துல ராணி பனியில நிக்கிற சீன் வந்துச்சு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிப்பா. மூத்தாள் பிள்ளை மனசு கேட்காம குடை பிடிக்க வருவான், ராஜா அவனையும் விரட்டிடுவான். சோபாவுல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கினு, "பாவம், எவ்ளோ நேரமா நிக்க வெச்சிருக்கான் பாரு, இவனெல்லாம் மனுஷனா"ன்னுச்சு. தேவகி அதுக்கும் சிரிச்சுக்கினே, "ஆமாம்மா, கலர் எப்படி இருக்குது பாருங்க"ன்னா.

அப்பதான் நான் தரையைப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ்ல ரத்தம். தேவகி செருப்பைச் சுத்தி குளம் கட்டி நிக்குது. நரம்பு வெடிச்சிருக்குது, அவளுக்கே தெரியலை. மரத்துப் போயிருக்குது காலு. நான் ஓடிப் போய், சோபாவுல இருந்தவங்களை "எழுந்திரிங்க, எழுந்திரிங்க"ன்னு கத்தி, அவளைப் படுக்க வெச்சு, காலைத் தூக்கி சோபா கைப்பிடி மேல வெச்சு, என் துப்பட்டாவை மடிச்சு அழுத்திப் பிடிச்சேன். அந்த அம்மா ஆட்டோ கூப்பிட ஓடுச்சு. யாரோ தண்ணி கொண்டாந்தாங்க. தேவகி என் கையைப் பிடிச்சுக்கினு, "அக்கா, கேமரா இருக்குதுக்கா"ன்னு எழுந்துக்கப் பார்க்கறா. பாஸ்கர் சார் கூட்டத்தை விலக்கிக்கினு வந்தாரு. ரத்தத்தைப் பார்த்தாரு, தேவகியைப் பார்த்தாரு, அப்புறம் சொன்னாரு: "கோமதி, சோபா மேல ஒரு கவராவது போட்டிருக்கலாமே."

ஏழு பேரு

தையல் போட்டு, கட்டுப் போட்டு, பதினஞ்சு நாள் கழிச்சு தேவகி வந்தா. சம்பளத்துல பதினஞ்சு நாளும் பிடிச்சுட்டாங்க. டாக்டர் சீட்டை நீட்டி மறுபடியும் ஸ்டூல் கேட்டா. தலைமை ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்குது, பதில் வரட்டும்னு சொன்னாங்க. சோபா உறையை மட்டும் அன்னைக்கே மாத்திட்டாங்க, அதுக்கு எந்த மெயிலும் தேவைப்படலை. ஒரு வாரம் பார்த்தோம். அப்புறம் ஒரு திங்கக்கிழமை பதினோரு மணிக்கு, யாரு முதல்ல உட்கார்ந்தாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேன், கடையில நிக்கிற நாங்க ஏழு பேரும் பெரிய டிவி முன்னால தரையில உட்கார்ந்துட்டோம். சோபாவைத் தொடலை. தேவகி காலை நீட்டிக்கினா, நான் என் கைப்பையை அவ கால் கீழ வெச்சேன். நாலு வருஷத்துல முதல் தரம் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்தேன்.

பாஸ்கர் சார் வந்து, "லேவண்டி, எழுந்திரிங்க, கஸ்டமர் வராங்க"ன்னு பல்லைக் கடிச்சுக்கினு சொன்னாரு. யாரும் அசையலை. போச்சு, ஏழு பேருக்கும் வேலை போச்சுன்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள கதவைத் திறந்துக்கினு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு உள்ள வந்துட்டாங்க. அந்தப் பொம்பளை எங்களைப் பார்த்துச்சு, டிவியைப் பார்த்துச்சு, சேலையை இழுத்துவிட்டுக்கினு தேவகி பக்கத்துலயே தரையில உட்கார்ந்துக்கிச்சு. படத்துல கோட்டைக் கதவு திறக்கிற வரைக்கும் பார்த்துச்சு. கல்யாண லாந்தர் மறுபடியும் வந்ததும் புருஷனைப் பார்த்து, பாஸ்கர் சார் காதுல விழற மாதிரி சொல்லுச்சு: "தினம் பார்க்கிற கடைக்காரங்களே வேலையை விட்டுட்டு உட்கார்ந்து பாக்கறாங்கன்னா இதுதாங்க நல்ல டிவி, இதையே எடுத்துக்கலாம்."

தேவகி கால்ல ரத்தம் வந்தப்போ வராத ஸ்டூலு, எழுபத்தஞ்சு இஞ்ச் டிவி ஒண்ணு வித்த மறுநாள் காலையிலயே மூணு வந்து இறங்குச்சு.